ஒரு பாட்டுக்கு அட்டைப்படம்: ஆரைக் கீறுறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவில் அண்ணா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். மேசையின் பாதியைப் பெறாமகள் பிடித்து வைத்திருந்தாள். வண்ணப் பென்சில்கள், வெட்டிய அட்டைத் துண்டுகள், நடுவில் ஒரு வெறும் சதுரக் கடதாசி. பத்தாம் வகுப்பு ஓவியப் பாடத்துக்கு ஒப்படையாம். உனக்குப் பிடித்த ஒரு பாட்டை எடு. அதற்கு ஒரு அல்பம் அட்டை, ஒரு சுவரொட்டி, கைப்பேசியில் தெரியக்கூடிய ஒரு சின்னச் சதுரப் படம் என்று மூன்றும் செய். அவ்வளவுதான்.

அவள் எடுத்த பாட்டு ‘என்ஜாய் எஞ்சாமி’. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. கலியாண வீட்டில் மூன்று தலைமுறையும் எழும்பி ஆடும் பாட்டு. ஆனால் கடதாசி ஒரு மணித்தியாலமாக வெறுமையாகவே கிடந்தது.

“சித்தப்பா, இதில ஆரைக் கீறுறது?”

“பாடினவையைக் கீறன்.”

“ரெண்டு பேர் பாடினவை. எழுதினதும் அதில ஒராள். மியூசிக் இன்னொராள். பாட்டு ஆரைப் பற்றினதோ, அவை வேற ஆக்கள். எனக்கு இருக்கிறது ஒரு சதுரம்தான்.”

என்னிடம் பதில் இல்லை. நான் கணினித் துறையில் ஆலோசகனாக வேலை செய்கிறவன், பொறியியல் படித்தவன், படம் கீறத் தெரியாது. ஆனால் அவள் கேட்ட கேள்வி வீடு திரும்பும் வழியெல்லாம் கூடவே வந்தது. ஏனென்றால் இதே கேள்வியில், இதே பாட்டில், நான் ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பாட்டுக்குப் படம் எப்போது வந்தது, அந்தப் படத்தில் யார் யார் இருந்தார்கள், யார் இல்லை என்று பார்த்துவிட்டு வருவோம்.

பெயரைச் சொல்லிவிட்டுப் போன பாடகி

1902ஆம் ஆண்டு. இலண்டனில் இருந்து கிராமபோன் கொம்பனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வருகிறார். அங்கே பதிவு செய்தவர்களில் மிகப் புகழ்பெற்றவர் கௌஹர் ஜான். அவருடைய பழைய பதிவுகளை இன்று யூடியூபில் கேட்கலாம். ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவிட்டு முடிப்பார். கேட்பவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். ஆனால் அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. பதிவான தகடுகள் கப்பலேறி ஜேர்மனியின் ஹனோவர் நகரத்துக்குப் போய், அங்குள்ள தொழிற்சாலையில்தான் இசைத்தட்டாக அச்சாகும். அங்கே வேலை செய்பவருக்கு இந்தக் குரல் யாருடையது என்று எப்படித் தெரியும்? நடுவில் ஒட்டும் வட்டக் கடதாசியில் சரியான பெயரை அச்சிட வேண்டுமென்றால், பாட்டுக்குள்ளேயே பெயர் இருக்க வேண்டும். 1908இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்த பிறகுதான் இந்தத் தூரம் குறைந்தது.

பாட்டு தூர தேசம் போகும்போது பெயர் வழியில் விழுந்துவிடும் என்பதை 1902ஆம் ஆண்டின் ஒலிப்பதிவாளர்களே அறிந்திருந்தார்கள் என்று இதை நான் வாசிக்கிறேன்.

அந்தக் காலத்து இசைத்தட்டுக்கு அட்டைப்படம் கிடையாது. பழுப்புக் கடதாசி உறை. நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத் தெரியும் சிறிய வட்டத்தில்தான் எல்லா விவரமும். அதில் பின்னாளில் இடம்பிடித்த படம், கிராமபோன் குழாய்க்குள் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் அந்த நாய். அதன் பெயர் நிப்பர். பிரான்சிஸ் பரோட் என்ற ஓவியர் அதை முதலில் வரைந்தபோது நாயின் முன்னால் இருந்தது எடிசன் வகைக் கருவி. 1899இல் படத்தை வாங்க வந்த கிராமபோன் கொம்பனி, அந்தக் கருவியை மறைத்துத் தங்கள் கருவியை மேலே வரையச் சொன்னது. படத்துக்கும் அதன் உரிமைக்கும் சேர்த்து 100 பவுண். உலகத்தில் மிக அதிகமாக அச்சடிக்கப்பட்ட இசை விளம்பரங்களில் ஒன்றின் அடியில், அழிக்கப்பட்ட இன்னொரு படம் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அல்பம் அட்டை எப்போது வந்தது? 1939இல் அமெரிக்காவின் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது பல இசைத்தட்டுகளைச் சேர்த்துப் புத்தகம் போல ஒரு தொகுப்பாக விற்பார்கள். புகைப்பட அல்பம் போல இருந்ததால்தான் அதற்கு அல்பம் என்று பெயர் வந்தது. மேலட்டை வெறும் பழுப்பு அல்லது சாம்பல் நிறம். அதன் மேல் எழுத்து மட்டும். கடைக்காரர்கள் அதைக் கல்லறைக் கல் என்று கேலி செய்தார்கள். ஸ்டைன்வைஸ் கேட்டார்: பாட்டைக் கேட்கும் முன்பே அதன் உணர்வைக் கண்ணால் காட்டினால் என்ன? 1940இல் ரொஜர்ஸ், ஹார்ட் இருவரின் பாடல் தொகுப்புக்கு ஒரு நாடக அரங்கின் ஒளிப்பலகையைப் படமாக வைத்தார். படம் போட்ட அல்பங்களின் விற்பனை பல மடங்கு ஏறியது. அதன் பிறகு எந்த நிறுவனமும் வெறும் அட்டைக்குத் திரும்பவில்லை.

நம் பக்கத்துக் கதை

தமிழில் பாட்டுக்கு முதலில் பரவலாகக் கிடைத்த படம் இசைத்தட்டில் இல்லை. பாட்டுப் புத்தகத்தில் இருந்தது. உங்கள் அப்பம்மா, அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். தியேட்டரில் சில சதங்களுக்கு விற்கும் மெல்லிய புத்தகம். முன் அட்டையில் கதாநாயகனும் நாயகியும். உள்ளே கதைச் சுருக்கம்; சரியான இடத்தில் கதையை நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டிருப்பார்கள். பிறகு பாட்டுகள். இசைத்தட்டு வாங்க வசதி இல்லாத வீடுகளில் அந்தப் புத்தகம்தான் பாட்டின் உருவம்.

அட்டையில் முகம் காட்டியவர் பாட்டைப் பாடியவர் என்று ஆரம்பத்தில் எல்லோரும் நம்பலாம், ஏனென்றால் நடிகர்களே பாடினார்கள். 1938இல் வந்த ‘நந்தகுமார்’ படத்தில் நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடினார். தமிழில் பின்னணிப் பாட்டுக்கு அதை ஒரு தொடக்கமாகச் சொல்வார்கள். அன்று முதல் முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. அட்டையில் இடம் முகத்துக்கு.

இது எவ்வளவு தூரம் போனது என்பதற்கு இந்தியில் ஒரு பேர்போன உதாரணம் உண்டு. 1949இல் வந்த ‘மஹல்’ படத்தில் ஒரு பாட்டு நாடு முழுக்கப் பரவியது. இசைத்தட்டில் பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் காமினி என்று இருந்தது. காமினி என்பது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர்! பாடியது யார் என்று கேட்டு இரசிகர்கள் வானொலிக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். அவர் லதா மங்கேஷ்கர். பின்னணிப் பாடகர்களின் பெயர் இசைத்தட்டில் அச்சாக வேண்டும் என்ற வழக்கம் இப்படியான கேள்விகளால்தான் நிலைத்தது. கேட்டது இரசிகர்கள் என்பதைக் கவனியுங்கள்.

1960களிலும் 70களிலும் வந்த தமிழ் இசைத்தட்டு உறைகளை நீங்கள் பழைய சாமான் கடைகளில் பார்த்திருக்கலாம். 12 அங்குலச் சதுரம் முழுக்கப் படத்தின் காட்சி. பின்பக்கம் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர் பட்டியல். அந்தப் பெரிய சதுரத்தில் முகத்துக்கும் இடம் இருந்தது, பெயருக்கும் இடம் இருந்தது.

பிறகு கசெற் வந்தது. படம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. எங்கள் வீட்டுக்கு வந்த கசெற்களில் அதுவும் இல்லை. அப்பா ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் சிநேகிதர்களிடம் இரவல் வாங்கிப் பதிந்த கசெற்கள் அவை. வெற்றுக் கசெற்றுடன் வரும் கோடு போட்ட அட்டையில் நீலப் பேனாவால் அப்பா எழுதியிருப்பார்: ‘சோகம் 2’, ‘புதுசு’, ‘கார்’. கார் என்றால் காரில் கேட்பதற்கு. நானும் அண்ணாவும் பின்சீற்றில் இருந்து அந்தப் பாட்டுகளை மனப்பாடம் செய்தோம். யார் எழுதியது, யார் இசை, ஏன், யார் பாடியது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அட்டையில் இல்லாதது எங்கள் தலையிலும் இல்லை.

தானே வெட்டிய அட்டை

இனி நம்மைப் போல வெளிநாட்டில் வளர்ந்த ஒருவரிடம் வருவோம். மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் இலண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போது குடும்பம் யாழ்ப்பாணம் போனது. போர் வந்தது. 1986இல் தாயும் பிள்ளைகளும் அகதிகளாக இலண்டனுக்குத் திரும்பினார்கள். தந்தை கூட வரவில்லை. அவர் அருளர், ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், ‘லங்கா ராணி’ நாவலை எழுதியவர்.

மாதங்கி முதலில் பாடகி இல்லை. சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் திரைப்படம் படித்தவர். படம் கீறினார், ஸ்டென்சில் வெட்டினார். எலாஸ்டிகா என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் 2000ஆம் ஆண்டு அல்பத்துக்கு அட்டை வடிவமைத்தது அவர்தான். 2001இல் இலண்டன் போர்ட்டபெல்லோ பகுதியில் தன் ஸ்டென்சில் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்: பளிச்சென்ற நிறங்கள், பனைமரம், புலி, போர்க்களம். ஆக, இன்னொருவரின் பாட்டுக்கு அட்டை செய்து பழகிய பிறகுதான், தன் அட்டைக்கு அவர் பாட்டுச் செய்தார் என்று சொல்லலாம். 2003இன் கடைசியில் ‘கலாங்’ பாட்டு வெறும் 500 இசைத்தட்டுகளாக வெளிவந்தது. 2005இல் முதல் அல்பம்.

ஸ்டென்சில் எப்படி வேலை செய்கிறது தெரியுமா? அட்டையில் உருவத்தை வெட்டி எடுத்து, அந்த ஓட்டையின் மேல் ஸ்ப்ரே அடிப்பது. மலிவு, வேகம், ஒரே உருவத்தை நூறு சுவரில் போடலாம். அதனால்தான் பணமில்லாத இயக்கங்களும் மாணவர்களும் உலகெங்கும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஒரு சிக்கல்: உள்ளே மூடிய வட்டம் உள்ள எழுத்தை அப்படியே வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். ஆங்கில ‘ஓ’ போல. நம் எழுத்துகளில் அ, ள, வ, ண எல்லாவற்றிலும் அந்தச் சுழி இருக்கிறது. நடுத்துண்டைத் தாங்க ஒரு சின்னப் பாலம் விட்டு வெட்ட வேண்டும். பெறாமகள் தன் பெயரை வெட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடித்தாள். இரண்டு அட்டை வீண்.

முதல் அல்பத்தின் அட்டையில் நடுவில் மாதங்கியின் முகம். சுற்றிலும் அந்த ஸ்டென்சில் உருவங்கள். கல்லூரிக்கால நண்பர் ஸ்டீவ் லவ்ரிட்ஜும் அவரும் சேர்ந்து செய்தது. அல்பத்தின் பெயர்: ‘அருளர்’. அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் எம்.ஐ.ஏ. போரில் காணாமல் போனவர்களைக் குறிக்கும் இராணுவச் சுருக்கம் அது. அவர் வாழ்ந்த இலண்டன் பகுதியான அக்டனையும் சேர்த்து விளையாடிய பெயர்.

தந்தையின் பெயரை ஏன் அட்டையில் போட்டார்? அவர் எங்கிருந்தாலும் இணையத்தில் தன் பெயரைத் தேடினால் மகளின் பாட்டு வந்து நிற்க வேண்டும் என்பதற்காக என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அது பலித்தது. தந்தையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: பெருமையாக இருக்கிறது, ஆனால் அல்பத்தின் பெயரை மாற்று என்று. மகள் மாற்றவில்லை. 2007இல் வந்த இரண்டாவது அல்பத்துக்குத் தாயின் பெயர்: ‘கலா’. பிள்ளைகளைத் தையல் வேலை செய்து வளர்த்தவர் அவர்.

அந்தப் படங்களைப் பார்த்து இது இயக்கத்துக்கு ஆதரவு என்று கோபப்பட்டவர்கள் உண்டு. போரைப் பற்றி வெளியுலகில் யாருமே பேசாத நேரத்தில் பேசினார் என்று நன்றி சொன்னவர்களும் உண்டு. எங்கள் வீடுகளிலேயே இரண்டு பக்கமும் இருந்தது. அந்த விவாதத்தை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. அட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: பாட்டை ஆக்கியவரே அட்டையையும் ஆக்கினார். அதனால் அவர் தேடிய ஆள் அதில் இருந்தார். அட்டையை வேறொருவர் ஆக்கும்போது என்ன நடக்கும்?

2021 ஆகஸ்ட்

‘என்ஜாய் எஞ்சாமி’ 2021 மார்ச் 7ஆம் திகதி வெளியானது. தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது மாஜ்ஜா, ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவோடு, கனடாவில் வாழும் தமிழர்கள் தொடங்கிய தளம். பாட்டின் பெயர்வரியில் முதலில் தீ, அடுத்து ‘உடன் அறிவு’. தீ ஈழத் தமிழ்ப் பின்னணி கொண்டவர், ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். அறிவு அரக்கோணத்துக்காரர், என்னைப் போலப் பொறியியல் படித்தவர், பா. இரஞ்சித் உருவாக்கிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவில் எழுதிப் பாடியவர். தலித் அரசியலைச் சொல்லிசையில் சொன்னவர். ‘என்ஜாய் எஞ்சாமி’யின் வரிகள் அவருடையவை.

அந்த வரிகள் எங்கிருந்து வந்தன? அவருடைய பாட்டி வள்ளியம்மாளிடமிருந்து. காணொளியிலும் அவர் வருகிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு இந்தியாவுக்குத் திரும்பிய, காணி இல்லாத குடும்பம் அவருடையது. இந்த இடத்தில் ரொறன்ரோவில் இருக்கும் நாங்கள் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும், ஏனென்றால் இது எங்கள் தீவின் கதை.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்து இலட்சக்கணக்கானவர்களைப் பிரிட்டிஷார் கொண்டுபோனார்கள். காட்டை அழித்துத் தோட்டமாக்கியது அவர்கள்தான். சுதந்திரம் வந்த 1948இலேயே குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. தமிழ்க் காங்கிரஸ் உடைந்து 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்ததற்கு இந்தப் பிரச்சினை ஒரு பெரிய காரணம். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்து, 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். எங்கே இருக்க விருப்பம் என்று அந்த மக்களிடம் யாரும் வாக்கெடுப்பு வைக்கவில்லை. பிறந்த மண்ணை விட்டு, ஒருபோதும் பார்த்திராத ‘தாயகத்துக்கு’ப் போய் இறங்கிய குடும்பங்களுக்கு அங்கேயும் காணி இல்லை. அந்த உழைப்பும் அந்த இழப்பும்தான் நாங்கள் கலியாண வீட்டில் ஆடும் பாட்டுக்குள் இருக்கின்றன.

பாட்டு பல கோடி தடவை பார்க்கப்பட்டது. டீஜே ஸ்னேக் என்ற பிரெஞ்சுக் கலைஞர் அதை ரீமிக்ஸ் செய்தார். நியூயோர்க் டைம்ஸ் சதுக்கத்து விளம்பரப் பலகையில் அது மின்னியது. பலகையில் டீஜே ஸ்னேக்கும் தீயும் இருந்தார்கள், அறிவு இல்லை. பிறகு 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டை வந்தது. அதில் இரண்டு பேர்: தீ, ஷான் வின்சென்ட் டி போல். ஷான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே ரொறன்ரோப் பகுதியில் வளர்ந்த சொல்லிசைக் கலைஞர். இங்குள்ள மிருதங்கக் கலைஞர் யஞ்சனுடன் சேர்ந்து மிருதங்கத்துக்கு ராப் பாடியவர். மாஜ்ஜாவில் அவர் பாடிய ‘நீயே ஒளி’யும் அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது.

அந்த அட்டை என் கைப்பேசிக்கு வந்தபோது நான் செய்ததைச் சொல்கிறேன். இரண்டு நிமிடத்துக்குள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டேன். “எங்கட ரொறன்ரோப் பெடியன் ரோலிங் ஸ்டோனில!” என்று எழுதி, நெருப்புப் படம் மூன்று வைத்தேன். அண்ணா கைதட்டினார். மாமி கும்பிட்டார். அகதியாக வந்த பிள்ளை, தமிழன், உலகப் பெயர் பெற்ற இதழின் அட்டையில். பொய்யான பெருமை இல்லை அது. இன்றும் அந்தப் பெருமைக்கு நான் வெட்கப்படவில்லை.

அடுத்த சில நாட்களில் சென்னையில் இருக்கும் ஒரு வேலைத்தள நண்பர் இயக்குநர் பா. இரஞ்சித்தின் ட்விட்டர் பதிவை அனுப்பினார். ‘நீயே ஒளி’யை எழுதியவரும், ‘என்ஜாய் எஞ்சாமி’யை எழுதிப் பாடியவருமான அறிவு மறுபடியும் காணாமல் ஆக்கப்பட்டிருக்கிறார் என்று அதில் கேட்டிருந்தார். நான் அந்த அட்டையை மறுபடி திறந்து பார்த்தேன். அறிவு இல்லை. முதலில் பார்த்தபோதும் இல்லைத்தான். ஆனால் எனக்கு அது தெரியவில்லை. நான் தேடியது என் ஊர் முகத்தை. அது கிடைத்ததும் தேடலை நிறுத்திவிட்டேன்.

அறிவை மட்டம்தட்டும் எண்ணம் தங்களுக்கு இருக்கவில்லை என்று மாஜ்ஜா விளக்கம் சொன்னது. எதிர்ப்புக்குப் பிறகு அதே இதழ் அறிவை வைத்து ஒரு இணைய அட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டு, 2022 ஜூலையில், சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் இந்தப் பாட்டு மேடையேறியபோது விவாதம் மறுபடி எழுந்தது. பாட்டில் தன் பங்கு என்ன என்று அறிவு எழுதினார். தாங்களும் அவருக்கு உரிய இடத்தை எப்போதும் சொல்லியே வந்திருக்கிறோம் என்று தீயும் சந்தோஷ் நாராயணனும் தங்கள் பக்கத்தை எழுதினார்கள். யார் எந்த மெட்டை முதலில் போட்டது என்பதற்கு நான் நீதிபதி இல்லை. அட்டையில் நின்ற இரண்டு கலைஞர்களையும் குற்றம் சொல்லவும் வரவில்லை; அட்டையில் யார் என்று தீர்மானிப்பது அதில் நிற்பவர்கள் இல்லை.

எனக்கு உறைத்தது வேறு. காணி இல்லாதவர்களைப் பற்றிய பாட்டு. அதன் சதுரத்திலும் அதை எழுதியவருக்கு இடமில்லாமல் போனது. அதைக் கைதட்டிப் பகிர்ந்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் வீட்டில் மலையகம் என்றால் ஒரு தேயிலைப் பெட்டி. அங்கே உழைத்தவர்களைப் பற்றிச் சின்ன வயதில் எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. சாதியைப் பற்றியும் அப்படித்தான். கனடாவில் அதெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டுவிடுவோம். ‘காமினி யார்?’ என்று கடிதம் எழுதிய இரசிகர்கள் 1949இல் இருந்தார்கள். 2021இல், எல்லா விவரமும் விரல்நுனியில் இருக்கும்போது, நான் கேட்கவில்லை.

நகத்தளவுச் சதுரம்

என் வேலையில் இருந்து ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். இன்று பாட்டு வெளியிடுபவர்கள் 3000க்கு 3000 பிக்சல் அளவில் ஒரு சதுரப் படம் கொடுக்கிறார்கள். அது உங்கள் கைப்பேசியில் நகத்தளவாகத்தான் தெரியும். 12 அங்குல உறையின் பின்பக்கத்தில் இருந்த பெயர்ப்பட்டியல் இப்போது தரவுத்தளத்தில் சில கட்டங்களாகிவிட்டது: முதன்மைக் கலைஞர், உடன் பாடியவர், எழுதியவர், தயாரித்தவர். திரையில் பெரிதாகத் தெரிவது முதல் கட்டம். மற்றவை மூன்று தடவை தட்டினால் வரும். தட்டுபவர்கள் எத்தனை பேர்? கட்டத்தில் இருப்பதும் கண்ணில் படுவதும் ஒன்றில்லை என்று தரவோடு வேலை செய்யும் எவருக்கும் தெரியும். ஆகவே அட்டையைக் கீறுபவரின் பொறுப்பு கூடியிருக்கிறது. அந்தச் சதுரம்தான் இப்போது முழு உறையும்.

அடுத்த ஞாயிறு அண்ணா வீட்டுக்குப் போனபோது கடதாசி நிரம்பியிருந்தது. சின்னச் சதுரத்தில் ஒரு கொழுந்துக் கூடை மட்டும். பின்பக்கமாக ஒரு பெண்ணின் தலையில் இருந்து பட்டி தொங்க, கூடை முதுகில். நகத்தளவிலும் அது கூடை என்று தெரிந்தது. சுவரொட்டியில் தீயும் அறிவும் ஒரே உயரத்தில். அல்பம் அட்டையில் தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன் மூன்று பெயரும் ஒரே அளவு எழுத்தில், ஸ்டென்சிலால் போட்டிருந்தாள். ‘அறிவு’வின் அ சுழியில் பாலம் சரியாக நின்றிருந்தது. அட்டையைத் திருப்பினேன். பின்பக்கத்தில் வள்ளியம்மாள் என்ற பெயர் தனியாக இருந்தது.

“ஏன் இவ பின்னுக்கு?” என்று கேட்டேன்.

“முன்னுக்கு வைச்சா, அவவைத் தெரியாத ஆக்கள் சும்மா பார்த்திட்டுப் போயிடுவினம். திருப்பிப் பார்க்கிற ஆள் வாசிக்கும்” என்றாள். எனக்கு அது முழுக்கச் சரியென்று படவில்லை. முன்னுக்கு வைத்திருக்கலாம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் வாதாடினோம். அது அவளுடைய ஒப்படை.

பிறகு அவள் என்னிடம் கேட்டாள், உங்களுக்குப் பிடித்த பாட்டு எது, அதற்கு அட்டை செய்தால் யாரைக் கீறுவீர்கள் என்று. நான் அப்பாவின் கசெற்றைப் பற்றிச் சொன்னேன். நிலக்கீழ் அறையில் இருந்த பெட்டியை அண்ணா எடுத்து வந்தார். ‘சோகம் 2’ இன்னும் இருந்தது. பழைய ரேப் ரெக்கோடர் ஒன்றும் இருந்தது, அதிசயமாக ஓடியது. கோடு போட்ட அட்டையில் அப்பாவின் எழுத்துக்குக் கீழே பன்னிரண்டு வெறும் வரிகள். அவள் பேனாவை எடுத்தாள். பாட்டு ஒவ்வொன்றாக ஓட, அப்பாவிடம் போனில் கேட்டு, கைப்பேசியில் தேடி, வரி வரியாக எழுதத் தொடங்கினோம்: பாடியவர், எழுதியவர், இசை. அன்றிரவு ஏழு பாட்டு முடிந்தது. இன்னும் ஐந்து இருக்கிறது.